நகர மருத்துவர் பாட்ரிக் கெடிஸ்

தருமபுரி மாவட்டத்திலே, பெண்ணாகரத்திற்கு அப்பால், ஏரியூர் என்னும் ஊர் ஒன்று உளது. ஏரியும் ஊரும் ஒருங்கியைந்த அப்பெயரைக் கேட்குந்தோறும், நீர்நிலையைச் சார்ந்தே குடியிருப்பை அமைத்த நம் முன்னோரின் மதிநுட்பம் நம் நினைவிற்கு வருகின்றது. இந்நாளிலோ, கோடை வந்தால் தெருக்கள் அனலாய்க் காய்கின்றன. மாரி வந்தால் அவையே வெள்ளக்காடாகின்றன. மரமும் நீரும் மீண்டும் இடம்பெறுமாறு குடியிருப்புக்களைத் திருத்தி அமைத்தல் வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயின், அதன்பொருட்டு ஏழை மக்களின் இல்லங்களை இடித்தே தீரவேண்டுமோ என்பது நம்முன் நிற்கும் வினா. இவ்வினாவிற்கு நூறாண்டுகட்கு முன்னரே, நம் தமிழ்நாட்டுத் தெருக்களில் நடந்து திரிந்து விடைகண்ட பெரியார் ஒருவர் உளர். அவரே பேராசிரியர் பாட்ரிக் கெடிஸ். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கெடிஸ் ஸ்காத்லாந்து நாட்டுப் பாலட்டர் என்னும் சிற்றூரில், 1854-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். பெர்த் நகர்ப்புறத்தில் தோட்டஞ் சூழ்ந்த இல்லத்தில் மைந்தரை வளர்த்தார். சின்னாள் வங்கியில் அமர்ந்து கணக்கெழுதிய கெடிஸ், உயிர் நூலின்பால் வேட்கை மிக்கவராய் இலண்டன் சென்று, பேரறிஞர் ஹக்ஸ்லியிடம் பயின்றார். 1879-ஆம் ஆண்டு ஆராய்ச்சிக்காக மெக்ஸிகோ நாடு சென்றவிடத்து அவர் கண்ணொளி மங்கிற்று. பல கிழமைகள் இருட்டறையிலே அடைபட்டுக் கிடந்தார். பார்வை மீண்டதாயினும், நுண்பெருக்கிக் கண்ணாடியில் நெடுநேரம் நோக்கும் ஆற்றல் குறைந்தது. சிற்றுயிர்களின் வாழ்வை ஆராய்ந்த அறிவு இதன்பின் மக்கள் கூடிவாழும் நகரங்களை ஆராயத் திரும்பியது.

1886-ஆம் ஆண்டு அன்னா மார்ட்டன் என்னும் அம்மையாரை மணந்தார். அக்காலத்து எடின்பரோவின் பழைய நகரம் நெருக்கமும் அழுக்கும் நிறைந்து, செல்வர் கைவிட்ட இடமாய்க் கிடந்தது. கெடிஸும் மனைவியாரும் வேண்டுமென்றே ஆண்டுக் குடியேறினர்; அயலாரோடு கூடிச் சுவர்க்கு வெள்ளையடித்தனர்; சாளரங்களில் பூஞ்செடி வைத்தனர். பின்னர் அவர்தம் குழுவினர் அப்பகுதியில் வெற்றிடங்களை எண்ணியபோது, 76 இடங்கள், மொத்தம் ஏறத்தாழ 10 ஏக்கர், பயனின்றிக் கிடக்கக் கண்டனர். அவற்றுட் சில சிறு தோட்டங்களாயின. அப்பணியில் அவர் மகளார் நோரா முன்னின்றார். 1888 முதல் 1919 வரை டண்டீ நகரக் கல்லூரியில் தாவர நூற் பேராசிரியராகவும் கெடிஸ் விளங்கினார்.

சென்னை மாகாண ஆளுநராயிருந்த பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பிற்கிணங்க, 1914-ஆம் ஆண்டு கெடிஸ் இந்தியா போந்தார். பல்லாண்டுகளாய்த் தொகுத்த நகரமைப்புப் படங்களும் வரைபடங்களும் வேறொரு கப்பலில் பின்தொடர்ந்தன. செப்டம்பர் 22-ஆம் நாள் சென்னையைக் குண்டுவீசிக் கலங்கச் செய்த அந்த எம்டன் கப்பலே, அக்டோபரில் அக்கப்பலையும் மூழ்கடித்தது. கெடிஸ் மனந்தளர்ந்திலர். நண்பர்கள் விரைந்து திரட்டியனுப்பிய புதிய படங்களைக் கொண்டு, 1915-ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மாளிகையில் கண்காட்சியை நடத்தினார்.

அதன்பின் அவர் மதுரை, தஞ்சை முதலிய நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். பார்த்தார் என்பதினும் நடந்தார் என்பதே பொருந்தும். சந்துபொந்துகளிலெல்லாம் காலால் நடந்த பின்னரே கையில் எழுதுகோல் எடுத்தார். தஞ்சைக் கோட்டையுள் நெருங்கிய வீடுகளை இடித்து நேரிய தெருக்கள் போடுவதென்று ஒரு திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. கெடிஸ் அதனை ஏற்றிலர். வீடிழந்தோர் அயல் வீடுகளிலே புகுந்து நெருக்கத்தை மிகுவிப்பர்; தீர்க்க எண்ணிய நோயே இரட்டிக்கும் என்று காட்டினார். பாழ்பட்ட ஒரு சில வீடுகளை மட்டும் நீக்கி, அவ்விடங்களைச் சிறு முற்றங்களாக்கி, மரம் நட்டு, சந்துகளை ஒன்றோடொன்று இணைத்தால் காற்றும் ஒளியும் நிழலும் தாமே புகும் என்பது அவர் காட்டிய வழி. அதற்காகும் செலவும் முன்னைத் திட்டத்தின் ஒரு சிறு பகுதியே. உறுப்பைக் காக்கும் சத்திர வைத்தியர் போல, அழிப்பதைக் குறைத்துப் பிழைக்கச் செய்வதையே அவர் நகர்ச் சிகிச்சையாகக் கொண்டார்.

கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்கும் வழக்கத்தையும் அவர் கடிந்தார். மீனும் வாத்தும் கொசுப்புழுவைத் தின்னும். குளமோ ஊரைக் குளிர்விக்கும், மழைவெள்ளத்தையும் தாங்கும் என்றார். அவர் கூற்றின் உண்மையை இன்று நாம் எளிதில் அறியலாம். இலைகள் நீராவியை விடுதலால் மரத்தடி குளிர்கின்றது. கல்லும் காரையும் பகலில் உண்ட வெப்பத்தை இரவில் உமிழ்கின்றன. ஆயினும், அவர் வந்து சென்ற பத்தாண்டிற்குள்ளேயே சென்னையின் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுப்பும் பணி தொடங்கிற்று. 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திலும் 2019-ஆம் ஆண்டு வறட்சியிலும் சென்னை மாந்தர் பட்ட துயரை எண்ணுங்கால், அவ்வறிவுரையின் அருமை நன்கு விளங்கும்.

இந்தோர் நகரில் பணியாற்றியபோது கெடிஸ் தீபாவளி ஊர்வலம் ஒன்றை அமைத்தார். நன்கு துப்புரவான தெருக்களின் வழியே ஊர்வலம் செல்லும் என்று அறிவிக்கவே, மக்கள் போட்டியிட்டுக் குப்பைகளை நீக்கினர். கொள்ளைநோயைக் குறித்த எலியுருவம் ஊர்வலத்தில் சென்றது. மக்கட்குத் துளசிச் செடிகள் வழங்கப்பெற்றன. ஆணையினும் விழாவே மக்கள் உள்ளத்தைத் திருப்பும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1917-ஆம் ஆண்டு அவர்க்குக் கொடிய ஆண்டாயிற்று. ஏப்ரலில் மூத்த மகன் அலாஸ்டேர் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டான். இந்தியாவில் நோயுற்றுக் கிடந்த மனைவியார்க்கு அச்செய்தியைச் சொல்ல மனமின்றி, துயரைத் தம்முள்ளே அடக்கினார். சூன் மாதம் அம்மையாரும், மகன் இறந்ததை அறியாமலே, கண் மூடினார். அத்துயரிடையேயும் கெடிஸ் வேலையை விட்டிலர். 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியற் பேராசிரியரானார். 1920-இல் சகதீச சந்திர போசின் வரலாற்றை எழுதினார். 1925-இல் டெல் அவிவ் நகர்க்குத் திட்டம் வகுத்தார். 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் பிரான்சு நாட்டு மோன்பெலியே நகரில் உயிர் நீத்தார்.

அவர்பாற் குறை இல்லாமல் இல்லை. அவர் பேச்சு முடிவின்றி நீளும். எழுத்து எளிதில் விளங்காது. தொடங்கிய செயல்கள் பல முற்றுப்பெற்றில. இந்திய நகரங்களைப் பற்றி அவர் எழுதிய அறிக்கைகளுட் பெரும்பாலன ஏட்டளவிலேயே நின்றன. எனினும், அவர் கற்பித்த முறை ஏட்டோடு நின்றுவிடத்தக்கதன்று. நம் தெருவை மாற்ற விரும்பின், முதலில் அதன்கண் நடப்போம், வெற்றிடங்களை எண்ணுவோம், அங்கு வாழ்வாரைக் கேட்போம், இடிப்பதைக் குறைத்து நடுவதைப் பெருக்குவோம். ஏரியூரின் ஏரி அதன் பெயரில் மட்டுமன்றி நிலத்திலும் நிலைத்து நிற்பதும், ஏனை ஊர்களின் குளங்கள் பிழைப்பதும், இவ்வாறு நடந்து பார்க்கும் கால்களையே பொறுத்தனவாம். அக்கால்கள் நம்முடையனவாகுக.