கப்பலோட்டியவர் கேட்ட ஞாயிறு லீவு

சினிமாவில் ஐ.டி. ஆளை எப்படிக் காட்டுறாங்க? கழுத்தில் அடையாள அட்டை, கை நிறைய சம்பளம், சனிக்கிழமை ஆனா பார்ட்டி. வேலைக்குப் போன சீனியர்களைக் கேட்டுப் பாருங்க. சனிக்கிழமை ராத்திரியும் லேப்டாப்பும் கையுமா உட்கார்ந்திருந்த கதையைச் சொல்வாங்க.

நம்ம வ.உ.சி.யும் இப்படி ஒரு படத்துக்குள் அடைபட்டவர்தான். கப்பல், செக்கு. இந்த ரெண்டோட நிறுத்திடுறோம்.

1872-ல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர், வக்கீல். 1906-ல் 25 ரூபாய்ப் பங்குகளாக விற்று, சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். தானே கம்பெனி நடத்தியவர், 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் பக்கம் நின்றார். பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரை வைத்து ஆலை ஓட்டிய அதே ஹார்வி கம்பெனியின் மில். புது மெஷின், வெளிநாட்டு முதலாளி என்று பார்த்தால் அன்றைய ஐ.டி. வேலை அதுதான். கேட்டது கூலி உயர்வும் வார விடுமுறையும். வேலைநிறுத்தத்துக்கு நிர்வாகம் இறங்கி வந்தது.

சில நாளிலேயே, மார்ச் 12 அன்று, திருநெல்வேலியில் கைது. மறுநாள் ஊரே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தாங்க. அவருக்கு 40 ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்து, 1912-ல் வெளியே வந்தார். அதற்குள் கம்பெனியும் போச்சு, வக்கீல் உரிமமும் போச்சு. சென்னையில் வறுமையில் கிடந்தபோதும் தொழிற்சங்க வேலையை விடலை. 1936 நவம்பர் 18-ல் காலமானார்.

கேம்பஸ் இன்டர்வியூவில் சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் கேட்காதீங்க, லீவு எத்தனை நாளுன்னும் கேளுங்க. நம்ம ஊர்க்காரங்க கேட்டு வாங்கினதுதான் அது.