குளக்கரையில் ஒரு தலைவர்

தோற்றுவாய்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென நண்பர்கள் கேட்டபோது, சில திங்களுக்கு முன் நம் கூட்டமொன்றில் எழுந்த வினாவே முதலில் நினைவுக்கு வந்தது. அண்ணல் அம்பேத்கரைப் பற்றிய கவியரங்கம் நிறைவுற்றிருந்தது. 1927ஆம் ஆண்டின் இறுதியில் மகாத் நகரின் குளக்கரைவரை சென்ற அண்ணல் நீரைத் தொடாது திரும்பியது தோல்வியன்றோ என்று இளங்கவிஞர் ஒருவர் வினவினார். நேரமின்மையால் அன்று விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடியே அண்ணலின் வாழ்க்கையை மீண்டும் ஒருமுறை பயின்றேன். பயின்றதன் பயனை இங்குச் சுருங்கக் கூற முற்படுகிறேன்.

இளமையில் அறிந்த தாகம்

அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14இல் மாவ் என்னும் படைமுகாம் ஊரில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படைப்பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவர்; சுபேதார் என்னும் தகுதி பெற்றவர். அத்தகுதியும் அவர் பிறந்த மகர் குலத்தைத் தீண்டாமையினின்று காக்கவில்லை. சதாராவில் பள்ளியில் பயின்றபோது சிறுவன் பீமராவ் வீட்டிலிருந்து கொணர்ந்த கோணித்துணியில் தனித்து அமர்ந்தான். பள்ளிச் சேவகன் குழாயைத் திறந்துவிட்டால் மட்டுமே நீர் அருந்தலாம். அச்சேவகன் வாராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

1901இல் தந்தையைக் காண உடன்பிறந்தாரோடு புறப்பட்ட பயணம் இதனினும் கொடியது. மசூர் நிலையத்தில் இரயிலை விட்டிறங்கிய பிள்ளைகளின் குலத்தை அறிந்ததும் வண்டிக்காரர் எவரும் இசையவில்லை. இரட்டிப்புக் கூலி பெற்ற ஒருவர், பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும் எனக் கூறித் தாம் உடன் நடந்துவந்தார். கையில் கட்டுச்சோறு இருந்தது. ஆயினும் வழியெங்கும் குடிநீர் கிடைக்கவில்லை. உண்ணாமலே அவர்கள் அவ்விரவைக் கழித்தனர். பிற்காலத்தில் ஒரு குளத்து நீருக்காக அவர் பத்தாண்டு போராடியதன் வேர் இவ்விரவில் உள்ளது எனலாம்.

கல்வியும் கைத்தடிகளும்

பம்பாயில் பட்டம் பெற்று, பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலண்டனிலும் பயின்று, 1917இல் பரோடாவுக்கு அலுவலராகத் திரும்பினார். இந்து விடுதிகளில் இடமில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரோடு தங்கினார். சில நாள்களில் உண்மை வெளிப்பட, கைத்தடிகள் ஏந்திய கூட்டமொன்று அவரைச் சூழ்ந்து அன்று மாலைக்குள் வெளியேறப் பணித்தது. தங்க இடம் வேறின்றிப் பூங்காவில் காத்திருந்து, இரவு வண்டியில் பம்பாய்க்குத் திரும்பினார். தனித்து நிற்பவனைக் கூட்டம் சூழும்போது கல்வியும் பதவியும் அரணாகா என்பதை அன்று அவர் தம் உடலாலேயே உணர்ந்தார்.

மீண்டும் இலண்டன் சென்று 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார், வழக்கறிஞராகவும் தகுதி பெற்றார். 1924இல் ஒடுக்கப்பட்டோர் நலனுக்காகப் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தோற்றுவித்தார்.

மார்ச் 20

பொதுச்செலவில் அமைந்த கிணறுகளையும் குளங்களையும் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் எனப் பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் எஸ். கே. போலே கொணர்ந்த தீர்மானத்தை ஏற்றது. கொங்கணப் பகுதியின் மகாத் நகராட்சியும் அடுத்த ஆண்டில் சவ்தார் குளத்தை எல்லார்க்கும் உரியதாக்கியது. ஆயினும் ஏட்டிலிருந்த உரிமையைக் கைக்கொள்ள ஒடுக்கப்பட்டோர் அஞ்சினர். இந்நிலையில்தான் 1927 மார்ச் 19, 20ஆம் நாள்களில் மகாத்தில் மாநாடு கூடியது. அண்ணல் தலைமை தாங்கினார். இரண்டாம் நாள் மக்கள் வரிசை குலையாது ஊர்த்தெருக்கள் வழியே சென்று குளக்கரையை அடைந்தனர். அண்ணல் நீரை அள்ளிப் பருகினார், மக்களும் பருகினர், அமைதியாகப் பந்தலுக்குத் திரும்பினர்.

கேடு அதன் பின்னரே நேர்ந்தது. வீரேசுவரர் கோயிலுக்குள்ளும் புகப் போகிறார்கள் என்று ஊரில் வதந்தி பரவியது. மாநாட்டினர் உணவு உண்டுகொண்டும் மூட்டை கட்டிக்கொண்டும் சிறுசிறு குழுவாய்க் கலைந்துகொண்டிருந்தனர். தடிகளோடு வந்த கூட்டம் பந்தலுக்குள் புகுந்து சோற்றை மண்ணில் இறைத்தது, அகப்பட்டோரைத் தாக்கியது. தெருக்களில் தனித்துச் சென்றவர்களே மிகுதியும் அடிபட்டனர். சிலர் இசுலாமியர் இல்லங்களில் அடைக்கலம் புகுந்து உயிர் தப்பினர்.

பயணியர் மாளிகையில் இருந்த அண்ணல் செய்தியறிந்து தெருவுக்கு வந்தார். கோயில் நுழையும் எண்ணம் எவர்க்கும் இல்லையென எதிர்த்து வந்தோரிடம் எடுத்துரைத்துவிட்டு மாளிகைக்கு மீண்டார். அங்கே அவர்தம் மக்கள் சினத்தால் கொதித்து நின்றனர். படையில் பணியாற்றியவர்கள் பலர் அவர்களுள் இருந்தனர். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் மகாத் நகரம் குருதியில் நனைந்திருக்கும். அச்சொல்லை அவர் சொல்லவில்லை, அடக்கத்தையே வேண்டினார். காயமுற்றோரைக் கவனித்து, காவல் நிலையத்தில் முறையீடு செய்து, சில நாள் அவ்வூரிலேயே தங்கி நிகழ்ந்தவற்றை ஆராய்ந்த பின்னரே பம்பாய்க்குத் திரும்பினார். தாக்கியவர்களுள் ஐவர்க்கு நான்கு திங்கள் கடுங்காவல் கிடைத்தது. அன்று பழிக்குப் பழி நிகழ்ந்திருந்தால் குற்றக்கூண்டில் நின்றிருப்போர் யாவர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சினமுற்ற ஆயிரவரின் சினத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு அமைதி காப்பது எளிய செயலன்று.

டிசம்பரில் செய்த ஏற்பாடு

மார்ச்சில் பெற்ற பட்டறிவு டிசம்பரில் பயன்பட்டது. மேல்சாதியார் பால், தயிர், சாணம், கோமியம் நிறைந்த 108 குடங்களால் குளத்தைத் தீட்டுக் கழித்திருந்தனர். நகராட்சியும் தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றிருந்தது. எனவே இரண்டாம் மாநாடு டிசம்பர் 25இல் தொடங்குமென அறிவிக்கப்பட்டது. இந்துக்கள் எவரும் இடந்தர முன்வராமையால் இசுலாமியர் ஒருவர் தந்த நிலத்தில் பந்தல் எழுந்தது. உள்ளூர் வணிகர் எதனையும் விற்க மறுப்பர் என்பதறிந்து உணவுப்பொருள்கள் வெளியூரிலிருந்து முன்னரே கொணரப்பட்டன. ஒழுங்கு காக்கத் தொண்டர்கள் அமர்த்தப்பட்டனர். அண்ணலும் உடன்வந்தோரும் தாஸ்காவ் துறையில் படகிலிருந்து இறங்கி ஒரே அணியாக நடந்தே மகாத்தை அடைந்தனர். அநீதியை எதிர்க்கப் புறப்படுவோர் எதை உண்பர், எங்கே உறங்குவர், எவ்வழியில் வருவர் என்பனவும் போராட்டத்தின் பகுதியே என்று அவர் கருதியமைக்கு இவ்வேற்பாடுகள் சான்றாகும். அன்றிரவு சகஸ்ரபுத்தே என்னும் பிராமணர் முன்மொழிய மனுஸ்மிருதி எரியூட்டப்பட்டது.

ஆனால் மாநாட்டுக்கு முன்னரே எதிர்த்தரப்பார் குளம் தனியாருக்குரியது என வழக்கிட்டு, டிசம்பர் 14இல் இடைக்காலத் தடை பெற்றிருந்தனர். ஏறத்தாழ நான்காயிரவர் சிறைசெல்லவும் ஆயத்தமெனப் பெயர் பதிந்திருந்தனர். மாவட்ட ஆட்சித்தலைவர் நேரில் வந்து பொறுத்திருக்க வேண்டினார். தடையை மீறினால் சாதியோடு அரசையும் ஒருசேர எதிர்க்க நேரும். நிலமற்ற அவ்வேழை மக்கள் சிறைக்குச் செல்வர். காப்பாரற்ற அவர்தம் குடும்பங்கள் சிற்றூர்களில் ஆதிக்கத்தாரிடம் அகப்படும். இவற்றைச் சீர்தூக்கிய அண்ணல், போராட்டத்தைத் தள்ளிவைக்குமாறு மக்களை இசைவித்தார். மக்கள் மனக்குறையோடுதான் இசைந்தனர். அவர்கள் அணிவகுத்துக் குளத்தைச் சுற்றி வந்து நீரைத் தொடாது திரும்பினர்.

பத்தாண்டுகள்

இனி வழக்குமன்றமே களமாயிற்று. கீழ் நீதிமன்றங்களில் வென்ற வழக்கு மேல்முறையீடாகப் பம்பாய் உயர்நீதிமன்றம் சென்றது. 1937 மார்ச் 17இல் அங்கும் தீர்ப்பு அண்ணலின் தரப்புக்கே கிடைத்தது. அவர் நீரருந்திய நாளிலிருந்து கணக்கிட்டால் பத்தாண்டு நிறைவுறுவதற்கு மூன்று நாள்களே குறைவு. இடைப்பட்ட காலத்தில் 1930இல் நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தைத் தொடங்கினார். அங்கும் கல்லெறி நேர்ந்தது. அவ்வாண்டே இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் இரட்டைமலை சீனிவாசனாரோடு அமர்ந்து ஒடுக்கப்பட்டோர் உரிமைக்கு வாதாடினார்.

1947இல் அரசியல் சட்ட வரைவுக்குழுவின் தலைவரானார். அச்சட்டத்தின் 15ஆம் பிரிவைப் பயில்வோர், கிணறு, குளம், நீராடுதுறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் எவரையும் சாதியால் விலக்கலாகாது என்னும் விதியைக் காணலாம். மகாத் குளத்தின் நீர் அவ்வெழுத்துகளில் கலந்துள்ளது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 19ஆம் பிரிவு ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கியது.

1949 நவம்பர் 25இல் ஆற்றிய உரையில், சட்டவழிகள் திறந்திருக்கையில் சத்தியாக்கிரகமும் ஒத்துழையாமையும் கைவிடத்தக்கன என்று அவர் அறிவுறுத்தினார். சத்தியாக்கிரகம் நடத்தியவரே அவ்வாறு கூறியது நம்முள் பலர்க்கு இடர்ப்பாடு தருவதுண்டு. எனக்கும் அதில் முழு உடன்பாடு இல்லை. திறந்திருப்பதாகக் கூறப்படும் வழி ஏழைக்கு மூடியிருத்தலை நாம் அறிவோம். எனினும் மகாத்தில் மண்ணில் சிதறிய சோற்றையும் அடிபட்டோரையும் கண்டவர் உரைத்த சொல் அது என்பதை மறத்தலாகாது.

1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அண்ணல், அவ்வாண்டு டிசம்பர் 6இல் தில்லியில் மறைந்தார்.

நிறைவாக

இளங்கவிஞரின் வினாவுக்கு இனி விடை கூறலாம். நீரருந்திய மார்ச்சை நாம் பலகால் பாடியுள்ளோம். அருந்தாது திரும்பிய டிசம்பரை எவரும் பாடியதாக நானறியேன். அன்று திரும்பியவர்கள் அடிபடாமலும் சிறைப்படாமலும் தம் பிள்ளைகளிடம் சென்று சேர்ந்தனர். பத்தாண்டு கழித்து அக்குளத்தின் மீதுள்ள உரிமையை வழக்கில் பெற்றனர். தம்மை நம்பித் தெருவில் இறங்கிய மக்களின் உயிருக்கும் பொறுப்பேற்றவரைத் தோற்றவர் என்று கூற என் மனம் ஒப்பவில்லை. நம் வட்டத்துக் கவிஞர்களுள் ஒருவரேனும் அந்த டிசம்பர் நாளைப் பாட வேண்டும் என்பது என் விழைவு.