பிரிச்சுப் பார்த்த மனுஷன்: ஜி.டி.நாயுடு

ப்ராஜெக்ட் ரிவ்யூக்கு ரெண்டு நாள் இருக்கும்போதுதான் கார்ட்லெஸ் டிரில் மக்கர் பண்ணும். சார்ஜர்ல பச்சை லைட் எரியும், ஆனா பலகையில பிட்டை வெச்சு அழுத்தினா நின்னுடும். உடனே ஃபோனை எடுத்துப் புதுசு என்ன விலைன்னு பாக்குறோம். ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒருத்தர் கதையைக் கேட்டுருங்க.

நம்ம ஆத்தூர்ல இருந்து (திண்டுக்கல் ஆத்தூர்ங்க, சேலத்து ஆத்தூர் இல்ல) செம்பட்டி போய்ப் பழனி பஸ் ஏறியிருப்பீங்க. அந்தப் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவுல 1920-ல ஒருத்தர் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி ஓட்ட ஆரம்பிச்சார். அவர்தான் ஜி.டி.நாயுடு.

1893 மார்ச் 23-ல் கோவை பக்கம் கலங்கல் கிராமத்துல பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்ல. இளவயசுல ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பாத்தவர், அதே மாதிரி ஒண்ணு வேணும்னு கோவைக்குப் போய் ஹோட்டல்ல சர்வர் வேலை பாத்துக் காசு சேர்த்தார். வண்டி கைக்கு வந்ததும் சவாரி போனாரான்னு கேட்டா, இல்ல. மொத்தமா பிரிச்சுப் போட்டுட்டார். எந்த பாகம் எதுக்குன்னு பாத்துப் பாத்து மறுபடி பூட்டினார். அவரோட இன்ஜினியரிங் டிகிரி அதுதான்னு நான் சொல்வேன்.

அந்த ஒத்தை பஸ், யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமா யு.எம்.எஸ்.னு பெரிய கம்பெனியா வளர்ந்தது. 1933 வாக்குல சுமார் 280 பஸ். யோசிங்க, பஸ் கம்பெனி நடத்துறவருக்குத் தினம் காலையில வர்ற கேள்வியே உங்க டிரில் கேள்விதான்: இதைச் சரி பண்றதா, மாத்துறதா? அப்ப வண்டியும் உதிரிபாகமும் கப்பல்ல வரணும். சொந்தமா ஒர்க்‌ஷாப் இல்லாம அந்தத் தொழில் நடக்காது.

அடுத்தது மோட்டார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து உள்நாட்டுலயே மின்மோட்டார் செஞ்சாங்க. ஆனா எனக்குப் பிடிச்சது ‘ரேசண்ட்’னு அவர் உருவாக்கின ஷேவிங் ரேசர். உள்ள ஒரு குட்டி மோட்டார், அதை ஓட்ட டிரை செல். ஒயர் கிடையாது. அதாவது உங்க டிரில்லுக்குத் தாத்தா முறை!

எல்லாமே ஜெயிக்கலை. 1952-ல் ரெண்டாயிரம் ரூபாய்ல ரெண்டு பேர் போற கார் செஞ்சார். அரசு லைசென்ஸ் தரல, அதோட நின்னுபோச்சு. 1945-ல் ஆர்தர் ஹோப் பேர்ல அவர் தொடங்கக் காரணமா இருந்த கல்லூரிதான் இன்னைக்குக் கோவை ஜி.சி.டி. இன்ஜினியரிங் படிக்க நாலு வருஷம் தேவையில்ல, ரெண்டே வருஷம் போதும்னு வாதாடினார். அரசு ஒத்துக்கல, விலகிட்டார். (எட்டாவது செமஸ்டர்ல இருக்குறவங்க கொஞ்சம் மனசைத் தேத்திக்கோங்க.) 1974 ஜனவரி 4-ல் காலமானார்.

இப்ப உங்க டிரில்லுக்கு வருவோம். அதே மாடல் பேட்டரி இன்னொண்ணை நண்பர்கிட்ட வாங்கி மாட்டிப் பாருங்க. நல்லா ஓடுச்சுன்னா மோட்டார்ல குறையில்ல, பேக்தான் போச்சு. 18 வோல்ட் பேக்ல வழக்கமா 5 லித்தியம் செல் வரிசையா இருக்கும். அதுல ஒண்ணு தளர்ந்தாலே லோடு ஏறும்போது சர்க்யூட் கட் பண்ணிடும். அந்த ஒரு செல்லை மட்டும் மாத்தலாம்னு இறங்காதீங்க. பழசும் புதுசும் கலந்தா ஒத்துப்போகாது, சாதா சால்டரிங் சூடும் லித்தியத்துக்கு ஆகாது. பேக்கையே மாத்துங்க.

வேற பேட்டரி போட்டும் தீப்பொறி, கருகின வாடைன்னா கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும். பிரஷ்ஷைத் தனியா மாத்துற மாடல்னா செலவு ரொம்பக் குறைவு. கியர் பல்லு உடைஞ்சு, ஆர்மேச்சரும் கருகியிருந்தா அப்ப மட்டும் புதுசு வாங்குங்க. பழசைத் தூக்கிப் போட வேணாம், சக்கும் டிரிக்கர் ஸ்விட்சும் ஜூனியர் பசங்க ப்ராஜெக்ட்டுக்கு ஆகும். பேட்டரியைக் கழட்டி வெச்சுட்டு ஸ்க்ரூவைத் தொடுங்க. டார்க்ஸ் பிட் லேப்லயே இருக்கும்.