ரோஸலிண்ட் பிராங்க்ளின் அம்மையார்

டி.என்.ஏ.யின் வடிவைக் கண்டவர் யாவர் என வினவின், வாட்ஸன், கிரிக் என்னும் இருவரையே நம் மாணவர் பெரும்பாலும் கூறுவர். அவ்விருவர்க்கும் கண்போல் உதவிய ஓர் அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தோம்.

ரோஸலிண்ட் பிராங்க்ளின் 1920-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் லண்டன் மாநகரில் யூதர் குடும்பமொன்றிற் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று, நிலக்கரியின் நுண்துளைகளை ஆராய்ந்து 1945-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்ப் பாரிஸில் எக்ஸ் கதிரால் பொருள்களின் உள்ளமைப்பைப் படமெடுக்கும் வித்தையைக் கற்று, 1951-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியை அடைந்தார்.

அங்கே அவர் கையாண்ட முறை எளிது. ஆயினும் மிக்க பொறுமையை வேண்டுவது. டி.என்.ஏ. இழையைச் சூழ்ந்த காற்றின் ஈரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். ஈரம் மிக்கவிடத்து இழை நீண்டு மெலிந்தது. குறைந்தவிடத்துக் குறுகித் தடித்தது. அதுகாறும் ஒன்றாய்க் கலந்து ஆராய்வாரை மயக்கிய இரு வடிவங்கள் இவ்வாறு பிரிந்தன. உலர்ந்ததற்கு ஏ என்றும் ஈரமானதற்குப் பி என்றும் பெயராயிற்று. ஏ வடிவின் படத்திற் புள்ளிகள் மிகத் தெளிவாயிருந்தமையின் அம்மையார் அதனையே முதலிற் கணக்கிட முற்பட்டார். அக்கணக்கோ மாதக்கணக்கிற் காலத்தை விழுங்கிற்று. 1952 மே மாதத்தில் அவர்தம் மேற்பார்வையில் மாணவர் காஸ்லிங் எடுத்த பி வடிவின் 51-ஆம் படம், சுருளின் அடையாளமாகிய பெருக்கற்குறியை வெளிப்படக் காட்டிற்று. அப்படத்தை வில்கின்ஸ் என்பவர் அம்மையார் அறியாமலே வாட்ஸனுக்குக் காட்டினார். 1953 ஏப்ரலில் இரட்டைச் சுருளை உலகம் அறிந்தது. இது முறையன்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

அவ்வாண்டே அம்மையார் பெர்பெக் கல்லூரியில் பெர்னால் என்னும் அறிஞரிடம் சேர்ந்தார். 1952-இல் சென்னைக்கு வந்து, ஜி. என். இராமச்சந்திரனாரைக் கொல்லாஜன் ஆராய்ச்சியில் தூண்டியவரும் இப்பெர்னாலே. அங்கே அம்மையார் புகையிலைத் தேமல் நோயை விளைக்கும் வைரஸை ஆராய்ந்தார். அது கோல் வடிவினது. நடுவே குழல்போற் புழையுடையது. அதன் ஆர்.என்.ஏ. அப்புழையினுள் இல்லை, சூழ்ந்துள்ள புரதத்துட் பதிந்து கிடக்கிறது என நிறுவினார். நம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து உழவர் வெண்டைக்கொல்லையிற் கண்டு வருந்தும் மஞ்சள் நரம்புத் தேமலுக்கு வேறொரு வைரஸ் காரணம். அதனுள் ஒற்றையிழை டி.என்.ஏ. வளையமாய்க் கிடக்கிறது!

1958 ஏப்ரல் 16-இல், 37-ஆம் வயதில், சூலகப் புற்றுநோயால் அம்மையார் இறந்தார். 1962-இல் வாட்ஸன், கிரிக், வில்கின்ஸ் மூவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது; இறந்தார்க்கு அதனை அளிக்கும் வழக்கமில்லை.

ஏ வடிவம் ஆய்வுக்கூடத்தில் உலர்த்துவதால் உண்டாவதேயன்றி உயிர்களிடத்துப் பயனற்றது எனப் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். வெம்மை மிக்க அமில ஊற்றுகளில் வாழும் நுண்ணுயிரைப் பற்றுகின்ற கோல் வடிவ வைரஸ் ஒன்றனுள், டி.என்.ஏ. முழுவதும் அவ்வடிவிலேயே புரதத்தாற் சூழப்பட்டிருத்தலை 2015-இல் அறிஞர் கண்டனர்.