தாயகத்தைக் கற்பித்த ஆசான் இமாம் இப்னு பாதீஸ்

ஒரு நாட்டை வாளால் வென்றோர் அதனை நெடுங்காலம் ஆள விரும்பின், அந்நாட்டுச் சிறுவரின் பாடநூலில் கை வைப்பர். இவ்வுண்மைக்கு வட ஆப்பிரிக்க நாடாகிய அல்ஜீரியா தக்க சான்று. 1830-இல் பிரெஞ்சுப் படை அங்கு இறங்கியது. மதரஸாக்களைத் தாங்கி நின்ற வக்ஃபு சொத்துகள் அரசின் கைக்குச் சென்றன. அரபுக் கல்வி நலிந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் இடம் பெற்ற சிறுவர் சிலரோ, பிரான்சின் பழங்குடியினரான கோல் இனத்தாரே தம் முன்னோர் என்று படித்தனர். தம் தாயகம் இன்னதென்று அறியாத தலைமுறை உருவாகிக்கொண்டிருந்த அந்நாளில், பள்ளிவாசலில் அமர்ந்து பாடம் சொல்லியே நாட்டை மீட்கப் புறப்பட்ட பெருந்தகை ஒருவரின் வாழ்வை ஈண்டு நாம் காண்போம்.

அல்ஜீரியாவின் கிழக்குப் பகுதியில், ஆழ்ந்த மலைப்பிளவின் மேல் பாலங்களால் இணைந்து நிற்கும் பழம்பதி கான்ஸ்டன்டைன். அரபு மக்கள் அதனைக் குஸன்தீனா என்பர். அங்கே 1889 டிசம்பர் 4-ஆம் நாள் அப்துல் ஹமீது இப்னு பாதீஸ் பிறந்தார். முற்காலத்தில் அரசாண்ட பெர்பர் மரபினர் அவர்தம் முன்னோர். தந்தையார் பிரெஞ்சு ஆட்சியின் அவைகளில் உறுப்பினர். எனவே பதவியும் செல்வமும் மகனைத் தேடி வந்திருக்கும். ஆயின் பதின்மூன்று வயதிற்குள் திருக்குர்ஆனை மனனம் செய்த அவருக்கு ஆசிரியராய் வாய்த்த ஹம்தான் லூனீஸீ, ஆட்சியாளரிடம் ஒருபோதும் பணி ஏற்பதில்லை என வாக்குறுதி பெற்றார். இறுதிவரை அவ்வாக்கினை அவர் காத்தார்.

1908-இல் தூனிஸ் நகரின் ஸைத்தூனாவில் சேர்ந்து உயர்கல்வி கற்றபின், 1913-இல் ஹஜ்ஜுக்குச் சென்றார். மதீனாவில் குடியேறியிருந்த பழைய ஆசிரியர் அங்கேயே தங்கிவிடுமாறு அழைத்தார். அந்நாளில் அத்திருநகரில் பாடம் நடத்திவந்த இந்திய அறிஞர் ஹுஸைன் அஹ்மத் மதனீயோ, தாயகம் திரும்பி மக்களுக்குத் தொண்டாற்றுமாறு அறிவுறுத்தினார். இப்னு பாதீஸ் இரண்டாவது அறிவுரையை ஏற்றார். அல்ஜீரியாவின் வரலாற்றை மாற்றிய அம்முடிவில் நம் நாட்டவர் ஒருவரின் சொல்லும் பங்கு பெற்றதை எண்ணி நாம் மகிழலாம்.

குஸன்தீனாவின் பசும் பள்ளிவாசலே அவர்தம் பாடசாலையாயிற்று. பகலில் சிறுவர்க்கும் மாணவர்க்கும், இரவில் பெரியோர்க்கும் பாடம் நடந்தது. அங்கே தொடங்கிய திருக்குர்ஆன் விரிவுரை இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து 1938-இல் நிறைவெய்தியது. அல்ஜீரியாவுக்கெனத் தனி வரலாறு உண்டு. பெர்பரும் அரபியரும் இஸ்லாத்தால் ஒரு குடும்பமாயினர். இம்மண்ணின் பிள்ளைகள் பிரெஞ்சியர் ஆகார்: இவ்வுணர்வை இளநெஞ்சங்களில் ஊன்றினார். அவர்தம் மாணவர் முபாரக் அல்மீலீ தொன்மைக் காலம் முதலான அல்ஜீரிய வரலாற்றை அரபு மொழியில் எழுதி, முதற்பகுதியை 1928-இல் வெளியிட்டார். இப்னு பாதீஸ் நிறுவிய கல்விச் சங்கத்தின் பள்ளியில், செல்வர் ஏழையர் என்ற வேறுபாடின்றிப் பெண்மக்கள் யாவரும் கட்டணமின்றிப் பயின்றனர்.

இடையூறுகள் குறைவில்லை. 1925-இல் அவர் தொடங்கிய 'அல்முன்தகித்' இதழ் பதினெட்டு இதழ்களோடு தடைசெய்யப்பட்டது. அவர் சோராமல் 'அஷ்ஷிஹாப்' இதழைத் தொடங்கினார். 1926-இல் ஒருவன் அவரைக் கொல்ல முயன்றான், அவனையும் மன்னித்தார். 1930-இல் ஆட்சியாளர் தம் வெற்றியின் நூற்றாண்டைப் பெருவிழாவாகக் கொண்டாடினர். அதற்கு மறுமொழி போல, 1931 மே 5-ஆம் நாள் அல்ஜீரிய முஸ்லிம் உலமாக்கள் சங்கம் தோன்றியது. தலைமைப் பொறுப்பு அவர் தோளில் அமர்ந்தது. ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன. 1938 மார்ச் 8-ஆம் நாளின் ஆணை, உரிமம் இன்றிப் பள்ளி நடத்துவோரைத் தண்டிக்க வழி செய்தது. அரபு மொழி தன் சொந்த மண்ணிலேயே அயல்மொழியாயிற்று! ஆயினும் பாடம் நிற்கவில்லை.

ஓய்வறியா உழைப்பு உடலை உருக்கியது. 1940 ஏப்ரல் 16-ஆம் நாள், தம் ஐம்பதாம் வயதில் அப்பெருந்தகை இறையடி சேர்ந்தார். விடுதலையை அவர் காணவில்லை. ஆயின் 1954-இல் தொடங்கி 1962-இல் வெற்றி கண்ட விடுதலைப் போருக்கான மன உரம், அத்தகைய வகுப்புகளிலும் விளைந்தது. அவர் மறைந்த நாளையே அல்ஜீரியா அறிவுத் திருநாளாகக் கொண்டாடுகின்றது.

தலைவர்களை அவர்கள் பிறந்த நாளில் நினைப்பது உலகியல்பு. ஓர் ஆசிரியர் மறைந்த நாளைக் கல்வியின் நாளாக்கிய நாட்டிடமிருந்து நாம் கற்கவேண்டியது உண்டு. நம் இல்லங்களிலும் வகுப்பறைகளிலும் வளரும் சிறார்க்கு அவர்தம் மொழியையும் மண்ணின் வரலாற்றையும் நாமே எடுத்துரைக்க வேண்டும். நாம் சொல்லாது விட்டால் பிறர் சொல்வதையே அவர்கள் நம்புவர்.