செப்பேடுகளில் காத்திருந்த பாடல்கள்

தமிழ் நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிப்பது வேங்கட மலையை. ஆழ்வார்கள் தமிழில் பாடிப் போற்றிய அம்மலையைப் பிற்காலத்தில் தெலுங்கில் பல்லாயிரம் பாடல்களால் போற்றியவர் அன்னமாச்சாரியார்.

அவர் 1408 ஆம் ஆண்டு இராசம்பேட்டைக்கு அருகிலுள்ள தாள்ளபாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் நாராயணசூரி, தாயார் லக்கமாம்பா. பெரிய கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த அச்சிறுவரை உறவினர் ஒருநாள் கால்நடைகளுக்குப் புல் அறுத்துவர அனுப்பினர். அரிவாள் விரலை வெட்டியது. வலி பொறாத சிறுவர் அதனை வீசியெறிந்துவிட்டு, அவ்வழியே பாடிச்சென்ற அடியார் கூட்டத்துடன் திருமலைக்கு நடந்துவிட்டார். அவருடைய பேரர் சின்னண்ணா இயற்றிய வரலாற்று நூல் இந்நிகழ்ச்சியைக் கூறுகிறது. பின்னர் அகோபிலத்தில் சடகோப முனிவரிடம் வைணவ நூல்களைக் கற்றார். ஆழ்வார்களின் தமிழ்ப் பாசுரங்களும் அவர் உள்ளத்தில் ஊறின. அவர் பாடல்களுக்குத் தமிழும் ஓர் ஊற்று என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அவருடைய புகழ் பரவியது. சாளுவ நரசிம்மன் என்னும் அரசன் அவரைத் தன் அவைக்கு அழைத்துச் சிறப்புச் செய்தான். திருவேங்கடவனைப் பாடிய நாவால் தன்னையும் பாடவேண்டும் என்று ஒருநாள் விரும்பினான். அன்னமாச்சாரியார் மறுத்தார். பரிசும் பதவியும் தந்த கை விலங்கிட்டுச் சிறையில் அடைத்தது. அவர் அப்போதும் இறைவனையே பாடினார் என்றும், விலங்குகள் தாமே கழன்றன என்றும், மன்னன் மனம் வருந்தி வணங்கினான் என்றும் மரபு கூறும். விலங்கு கழன்றது நம்பிக்கை சார்ந்த செய்தி. அரசன் முகத்துக்கு நேரே மறுப்புரைத்த துணிவே வியப்புக்குரியது.

அவர் புலவர்களுக்காக மட்டும் பாடவில்லை. தாலாட்டு, நெல் குத்துவோர் பாட்டு முதலிய நாட்டுப்புற வடிவங்களையும் கையாண்டார். அவருடைய மனைவியார் திம்மக்காவும் சுபத்திரா கல்யாணம் என்னும் நூலை இயற்றிய கவிஞர்.

1503 ஆம் ஆண்டில் அன்னமாச்சாரியார் மறைந்தார். அவர் இயற்றியவை 32,000 பாடல்கள் என்பர். ஓலை அழிந்துவிடும் என்று கருதியோ என்னவோ, அவருடைய மகன் பெரிய திருமலாச்சாரியார் அப்பாடல்களைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தார். ஒவ்வொரு பாடலுக்கும் இராகப் பெயரும் எழுதப்பட்டது. அச்செப்பேடுகள் திருமலைக் கோயிலில், உண்டியலுக்கு அருகே ஒரு சிறிய கல்லறையில் வைக்கப்பட்டன. காலப்போக்கில் அவ்வறையை எவரும் பொருட்படுத்தவில்லை. கோடிக்கணக்கான அடியார்கள் அதனைக் கடந்து சென்றனர். பாடல்கள் உள்ளேயே கிடந்தன.

1922 ஆம் ஆண்டில் அவை வெளிச்சத்திற்கு வந்தன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஏடுகளில் ஏறத்தாழப் பதின்மூவாயிரம் பாடல்கள் கிடைத்தன. எஞ்சியவை கிடைக்கவில்லை. கிடைத்தவற்றிலும் சொற்களும் இராகப் பெயர்களும் இருந்தனவேயன்றி, பாடும் மெட்டு இல்லை. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்ற அறிஞர்கள் ஏடுகளை ஆராய்ந்து பதிப்பித்தனர். ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா பல பாடல்களுக்குப் புதிதாக இசையமைத்தார். பின்னர் எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலில் அப்பாடல்கள் தமிழர் இல்லங்களிலும் ஒலித்தன.