மண்ணுக்குக் கணக்கெழுதிய மேதை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

வரவு எது, செலவு எது, முதல் எது என்று பிரித்துக் காட்டுவது கணக்கரின் தொழில். முதலை எடுத்துச் செலவழித்துவிட்டு அதை இலாபம் என்று ஏட்டில் எழுதினால் அது பொய்க் கணக்கு. கம்பெனி ஏடுகளில் இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கக் கற்ற தமிழர் ஒருவர், அதே கண்கொண்டு நாட்டின் வயல்களையும் காடுகளையும் பார்த்தார். அவரே காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா.

இளமையும் கல்வியும்

தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். இலண்டனில் கணக்கியல் பயின்று, 1919இல் தாயகம் திரும்பிப் பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். 1927இல் அமெரிக்கா சென்று, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பி.எஸ்ஸி. பட்டமும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அங்கே பேராசிரியர் செலிக்மனிடம் இந்திய அரசு நிதி பற்றி ஆராய்ந்தபோதுதான் அவர் கண் திறந்தது. இந்தியாவின் வறுமைக்குக் காரணம் மக்களின் சோம்பல் அன்று, ஆட்சியின் சுரண்டலே என்பதை எண்களே அவருக்குச் சொல்லின.

அந்த ஆய்வுரையோடு 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமம் சென்றார். மேல்நாட்டு உடையில் வந்தவர், சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூற்றுக்கொண்டிருந்த முதியவரைக் கண்டார். அவர்தாம் காந்தியடிகள் என்று சற்று நேரம் கழித்தே உணர்ந்தார். அன்றோடு அவர் வாழ்க்கை திசை மாறியது. கொர்னேலியஸ் என்பதை விட்டுக் குடும்பத்தின் பழைய தமிழ்ப் பெயரான குமரப்பாவை ஏற்றார்.

கிராமத்தைப் படித்தவர்

காந்தியடிகள் அவருக்குத் தந்த முதல் வேலை பதவியன்று. கால்நடைப் பயணம் என்றே சொல்லலாம். குசராத்தின் கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவில் 54 கிராமங்களின் பொருளாதார நிலையை, குசராத் வித்யாபீட மாணவர்களோடு சேர்ந்து அவர் ஆராய்ந்தார். உழவர் வீட்டுக்கு என்ன வருகிறது, என்ன போகிறது என்று கேட்டு எழுதினார்கள். நம் வயதொத்த மாணவர்கள் செய்த பணி அது என்பதை நினைக்கையில் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

1934இல் பீகாரில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது நிவாரண நிதியின் கணக்கை அவர் கவனித்தார். துயருற்றோருக்காகத் திரட்டிய பணத்திலிருந்து காந்தியடிகளின் பரிவாரச் செலவுக்குக்கூடக் கொடுக்க இயலாது என்று மறுத்துவிட்டார். அந்த நேர்மையை மெச்சாதவர் யார்! அதே ஆண்டு இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. அதன் செயலாளராக வார்தாவின் மகன்வாடியில் அமர்ந்து, செக்கெண்ணெய், கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு, காகிதம் செய்தல், கழிவை எருவாக்குதல் ஆகியவற்றை வளர்த்தார். மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்ற விளக்கும் அங்கே உருவாயிற்று.

நிலைத்த பொருளாதாரம்

1942 இயக்கத்தில் சிறை சென்றவர், சபல்பூர்ச் சிறையில் ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றிய தம் நூலை ஆங்கிலத்தில் எழுதினார். அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய நூல் இது. நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும்; காடு, நீர், பயிர் போன்றவை முறையோடு கொண்டால் மீண்டும் மீண்டும் வரும். முன்னதை நம்பிய வாழ்வு போட்டியிலும் போரிலும் முடியும், பின்னதை நம்பிய வாழ்வே நிலைக்கும் என்பது அவர் முடிவு. வளர்க்காத தோப்பில் புகுந்து பழம் பறிக்கும் குரங்கைப் போலவும் மனிதன் வாழலாம். தேனும் சேர்த்து, மகரந்தச் சேர்க்கையும் செய்து தரும் தேனீயைப் போலவும் வாழலாம் என்று அவர் பிரித்துக் காட்டினார்.

மண்ணை அவர் உயிருள்ள பொருளாகவே கருதினார். இரசாயன உரம் உடனே விளைச்சலைக் கூட்டினாலும் நாளடைவில் மண்ணின் வளத்தைக் கெடுக்கும் என்று எச்சரித்தார். எருது உழவும் உழும், எருவும் தரும். டிராக்டர் சாணமிடுமா என்பது அவர் கேள்வி. அக்காலத்தில் பலர் நகைத்தனர். இன்று மண்ணில் கரிமச்சத்துக் குறைவதை நம் ஆய்வுக்கூடங்களே காட்டுகின்றன. 2023இல் தமிழ்நாடு அரசும் அங்கக வேளாண்மைக்கெனக் கொள்கை வெளியிட்டது.

நிலம் உழுபவனுக்கே என்பதிலும் அவர் உறுதியாயிருந்தார். அவர் தலைமையிலான காங்கிரசு நிலச் சீர்திருத்தக் குழு, 1949இல் தந்த அறிக்கையில் இடைத்தரகரை ஒழிக்கவும் கூட்டுறவை வளர்க்கவும் பரிந்துரைத்தது. 1953இல் மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டிக்கு வந்து காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். தம் குடிலில் ஏழை உழவர் ஒருவரின் படத்தை மாட்டி, தம் குருவாகிய காந்திக்கும் குரு இவரே என்று வருவோரிடம் காட்டுவார். மணம் புரியாமல், சொத்துச் சேர்க்காமல் வாழ்ந்த அவர், 1960 சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் காலமானார்.

நம் கணக்கு

கும்மிடிப்பூண்டிப் பகுதியில் பிறந்த எனக்கு இவர் வாழ்க்கை எளிதில் தீராத வினா ஒன்றை எழுப்புகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் புத்தகமும் பேருந்துக் கட்டணமும் என் தந்தையாரின் தொழிற்சாலைக் கூலியிலிருந்து வந்தவை. ஆகவே, தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்ல என் நா எழாது. ஆனால் அந்தக் கூலி வரவு என்றால், தூர்ந்துபோன எங்கள் ஏரியும், சீமைக்கருவேலம் மண்டிய வரத்துக்கால்வாயும், மூன்று போகம் மாறி ஒரு போகமான கழனியும் எந்தப் பத்தியில் எழுதப்படும்? அவற்றைச் செலவுப் பத்தியில் எழுதவே நாம் மறந்துவிட்டோம். முதல் கரைந்துகொண்டிருக்கிறது.

இதை மீட்பது தனி ஒருவரால் ஆகாது. ஏரியைத் தூர் வாரி, அந்த வண்டலைக் கழனிக்கு அடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது நம் முன்னோர் ஊர்கூடிச் செய்த வேலை. நண்பர்களே, நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலையோரம் கூட்டுவதோடு நில்லாமல், ஆரணி ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றையேனும் எடுத்துக்கொள்வோம். அதன் ஏரி, மதகு, கிணறு, மாடு, மரம், மண் அனைத்தையும் மாதர் தாலுகா மாணவர்களைப்போல் வீடு வீடாகச் சென்று எழுதுவோம். மண்ணைச் சோதிக்கத் தாவரவியலாரும் வேதியியலாரும், கணக்கெழுத வணிகவியலாரும் இங்கே இருக்கின்றனர். எழுதிய கணக்கை ஊர்ச் சபையில் உரக்கப் படிப்போம். உண்மைக் கணக்கைக் கேட்ட ஊர் மண்வெட்டியை எடுக்காமலா போகும்?